நரம்பினுள் நரம்பு



சென்ற உரையில் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் வரும் யாழாசிரியனைப் பற்றிப் பேசினோம். பதினான்கு நரம்பு கட்டிய யாழை அவன் பண்ணுக்கு அமைத்துக்கொள்ளும் முறையையும் ஓரளவு கண்டோம். அந்த உரையில் ஒரு சிறிய சொல்லை நான் வேகமாகக் கடந்து போய்விட்டேன். ‘உள்’ என்பது அந்தச் சொல். ஏழாம் வேற்றுமைக்குரியது என்று இலக்கண வகுப்பில் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடும் சொல். இன்றைய உரை முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதே.

பழந்தமிழ் இசையின் ஏழு சுரங்களின் பெயர்கள் நேயர்கள் அறிந்தவை: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இக்காலத்து ச, ரி, க, ம, ப, த, நி என்ற வரிசையோடு இவற்றைப் பொருத்திக்கொள்ளலாம். அக்காலத்தார் சுரத்தையும் ‘நரம்பு’ என்றனர். யாழில் கட்டிய தந்தியையும் ‘நரம்பு’ என்றனர். இதில் குழப்பம் ஒன்றும் இல்லை. வில்லின் வழியில் வளர்ந்த யாழில் மெட்டுக்கள் கிடையா. ஒரு தந்தி ஒரு சுரத்தையே தரும். ஆகவே தந்தியின் பெயரே சுரத்தின் பெயருமாயிற்று. பேரியாழுக்கு 21 நரம்பு, சகோட யாழுக்கு 14 நரம்பு என்று அடியார்க்குநல்லார் உரை கணக்குக் கூறுவதும் இதனாலேயே.

இந்த நரம்புகளை ஒன்றுக்கொன்று எப்படி இசைவாக அமைப்பது? சிலப்பதிகார உரையில் மேற்கோளாக வரும் பழைய சூத்திரம் ஒன்று ஒரு சங்கிலியைத் தருகிறது. தாரத்தின் உள்ளே உழை தோன்றுமாம். உழையின் உள்ளே குரல். குரலின் உள்ளே இளி. இளியின் உள்ளே துத்தம். துத்தத்தின் உள்ளே விளரி. விளரியின் உள்ளே கைக்கிளை. நின்ற நரம்பை ஒன்று என்று எண்ணத் தொடங்கினால் ஒவ்வொன்றும் முன்னதன் ஐந்தாம் நரம்பு. இன்றைய பேச்சில் சொன்னால் ஒவ்வொன்றும் முன்னதற்குப் பஞ்சமம். இந்த முறையில் ஏழு நரம்பையும் காதாலேயே கூட்டிவிடலாம்.

பல ஆண்டுகளாக இந்தச் சூத்திரத்தை வகுப்பில் விளக்கும்போது, இங்கே ‘உள்’ என்பதை ‘இருந்து’ என்று கொள்ளுங்கள் என்றே சொல்லிவந்தேன். தாரத்திலிருந்து உழை பிறக்கும், உழையிலிருந்து குரல் பிறக்கும் என்று உரை சொல்வதும் எளிது, குறிப்பெடுப்பதும் எளிது. ஒருமுறை உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், உள் எண்டா உள்ளுக்குள்ளதானே? வெளியால வாறதை உள் எண்டு சொல்லுவினமோ?” என்று கேட்டான். “தம்பி, செய்யுளிலை வேற்றுமை மயங்கும்” என்று அவனை இருத்திவிட்டேன். விடை தெரியாத ஆசிரியனுக்கு வேற்றுமை மயக்கம் எவ்வளவு பெரிய உதவி என்பதைத் தமிழ் கற்பிப்பவர்கள் அறிவார்கள்.

அடுத்த நாள் அவன் ஒரு கிற்றாரோடு வந்தான். பாடம் முடிந்தபின், “சேர், ஒருக்கா இதைக் கேளுங்கோ” என்று அதை மடியில் வைத்துக்கொண்டான்.

அதன் ஐந்தாவது தந்தியை எந்த மெட்டிலும் அழுத்தாமல் மீட்டினான். ஆழமான நாதம் எழுந்தது. அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர் மேலே இடக்கை விரலின் நுனியால் தந்தியைப் பட்டும் படாமலும் தொட்டு, உடனே எடுத்துவிட்டான். ஆழமான நாதம் அடங்கிற்று. ஆனால் தந்தி ஊமையாகவில்லை. மெல்லிய, மணியோசை போன்ற ஒரு நாதம் மேல் தாயியில் நின்றது. மீண்டும் மீட்டி, இம்முறை ஏழாம் மெட்டின் மேல் தொட்டான். எழுந்தது பஞ்சமம், அதுவும் மேல் தாயிப் பஞ்சமம். “சேர், நான் தந்தியை அழுத்தவும் இல்லை, திரும்ப மீட்டவும் இல்லை. இந்தச் சத்தம் எங்கையிருந்து வந்தது?” என்றான்.

அவன் கேட்டதற்கு ஒரே ஒரு விடைதான் இருந்தது. அது வந்ததன்று, உள்ளே இருந்தது.

இதை விளங்கிக்கொள்ள, சிறுவர்கள் கயிறடித்து விளையாடுவதை நினைத்துப் பார்க்கலாம். இருவர் கயிற்றின் இரு முனைகளைப் பிடித்துச் சுழற்றும்போது கயிறு ஒரே வளைவாக எழுந்து தாழ்கிறது. சற்று விரைவாகக் கையை அசைத்தால் நடுவில் ஓரிடம் ஆடாமல் நிற்க, இரு பாதிகளும் எதிரெதிராக ஆடுவதையும் காணலாம். இன்னும் விரைந்தால் மூன்று வளைவு. கயிறு ஒரு நேரத்தில் ஒரு கோலத்தையே காட்டுகிறது. மீட்டப்பட்ட தந்தியோ இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆடுகிறது. முழுத் தந்தியாகவும், இரண்டு அரைகளாகவும், மூன்று மூன்றிலொன்றுகளாகவும், நான்கு கால்களாகவும் அது ஒருங்கே அதிர்கிறது. அந்த மாணவன் மீட்டிய தந்தி முழுமையாக ஆடும்போது செக்கனுக்கு 110 அதிர்வு. அரைகள் ஆடுவது 220. மூன்றிலொன்றுகள் 330. பின்னர் 440, 550, 660 என்று அது ஏறிச் செல்கிறது. நாம் ஒரு சுரம் என்று கேட்பது இந்தக் கூட்டத்தைத்தான். அடியில் உள்ள 110 அடிப்படைச் சுரம். மேலுள்ளவற்றை நமது பௌதிகப் பாடநூல்கள் மேற்றொனிகள் என்று அழைக்கின்றன. புல்லாங்குழலின் ச வேறு, வீணையின் ச வேறு என்று நமது காது பிரித்தறிவதற்கு இந்தக் கூட்டத்தில் யார் யார் எவ்வளவு உரத்துப் பேசுகிறார்கள் என்பது ஒரு முக்கிய காரணம்.

இவ்வாறு பிரிந்து ஆடும்போது ஆடாமல் நிற்கும் இடங்களுக்குக் கணு என்று பெயர். அறிவியற் சொல்லாக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொற்களில் ஒன்று இது. கரும்பிலும் மூங்கிலிலும் நாம் காணும் அதே கணு. தந்தியின் நடுப்புள்ளி, பாதிகளாக ஆடும் ஆட்டத்துக்குக் கணு. முழுத் தந்தியாக ஆடும் ஆட்டத்துக்கோ அதுவே மிக அதிகமாக ஆடவேண்டிய இடம். அங்கே விரலை வைத்தால் என்ன நடக்கும்? அவ்விடத்தில் ஆடவேண்டியவை எல்லாம் அடங்கிவிடும். அங்கே ஏற்கெனவே ஆடாமல் நிற்பவை விரல் வந்ததையே அறியா. 110 அடங்கும், 330 அடங்கும், 550 அடங்கும். 220, 440, 660 ஆகியவை எஞ்சும். மூன்றிலொரு பங்கில் தொட்டால் 330, 660, 990 எஞ்சும். விரல் ஒரு சுரத்தையும் உண்டாக்குவதில்லை. பேச்சு நிறைந்த சபையில் சிலரை இருத்திவிட்டு ஒருவரைப் பேசவிடுவதுதான் அதன் வேலை.

சொற்களில் ஈடுபாடுள்ள நேயர்களுக்கு இங்கே ஒரு சிறு மகிழ்ச்சி காத்திருக்கிறது. நின்ற நரம்பின் ஐந்தாம் நரம்புக்கு நமது பழைய பெயர் ‘கிளை’. தந்தியின் மூன்றிலொரு பங்கில் உள்ள கணுவைத் தொட்டால் எழுவதும் அந்தக் கிளையே. கணுவில் கிளை தோன்றுகிறது! ‘கணு’ பிற்காலத்தார் பௌதிகத்துக்காக எடுத்துக்கொண்ட சொல். ‘கிளை’ இசைநூலில் உறவைக் குறிக்கும் பழஞ்சொல். இரண்டும் இப்படி ஓரிடத்தில் சந்தித்தது தற்செயலே. சிலேடை பாடும் புலவன் யாரும் இதைத் திட்டமிடவில்லை. ஆயினும் வகுப்பில் ஒருமுறை சொன்னால் மாணவர் இதை மறப்பதில்லை.

கணுக்கள் உண்மையிலேயே ஆடாமல் நிற்கின்றனவா என்று கண்ணால் பார்க்க விரும்புவோர் பாடசாலை ஆய்வுகூடத்துச் சுரமானியை நாடலாம். சிறிய கடதாசித் துண்டுகளை மடித்துத் தந்தியின் மேல் குதிரைச் சவாரி போல வைக்கவேண்டும். தந்தி பிரிந்து ஆடும்போது கணுவில் இருப்பவை அமர்ந்திருக்கும், மற்றவை தூக்கி எறியப்படும். இந்தச் சோதனை பழையது. ஒக்ஸ்போட்டில் இருவர் கண்டறிந்த இந்த உண்மையை 1677 இல் யோன் வொலிஸ் என்ற கணித அறிஞர் உலகுக்கு அறிவித்தார். பிரான்சில் யோசப் சோவர் என்பவர் 1701 இல் இதனை விரிவாக ஆராய்ந்து, கணு என்பதற்கும் இந்த இசைச்சுரங்களுக்கும் தம்முடைய மொழியில் பெயர்களை நிலைநிறுத்தினார். அந்த சோவர் சிறு வயதில் நெடுநாள் பேச்சு வராதவர். செவியும் நன்றாக வாய்க்காதவர் என்பர். காது கேட்கத் தயங்கிய ஒருவர் கண்ணால் பார்த்து ஒலிக்குப் பெயர் வைத்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இனிக் கிற்றாரிலோ வீணையிலோ இதை வாசித்துப் பார்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். வழமையான வாசிப்பில் விரல் மெட்டுக்குச் சற்றுப் பின்னால் நின்று தந்தியை அழுத்துகிறது. இங்கே விரல் மெட்டின் நேர் மேலே நிற்கவேண்டும். அழுத்தக்கூடாது; தந்தி மெட்டைத் தொடவே கூடாது. மீட்டும் கை குதிரைப் பக்கமாகச் சற்று விலகி இருப்பது நல்லது. மீட்டியவுடன் தொட்ட விரலை எடுத்துவிடவேண்டும். எடுக்கத் தாமதித்தால் அந்த மெல்லிய நாதமும் செத்துப்போகும். அவசரப்பட்டால் அடிநாதம் அடங்காமல் கலந்துவிடும். பன்னிரண்டாம் மெட்டில் எவருக்கும் முதல் நாளே வரும். ஏழாம் மெட்டில் சற்றுப் பழக்கம் வேண்டும். ஐந்தாம் மெட்டில் பொறுமை வேண்டும்.

மெட்டுள்ள கருவியில் இதைச் செய்து பார்ப்பதில் ஒரு தனிப் பயன் உண்டு. அழுத்தினால் வருவதையும் தொட்டால் வருவதையும் ஒரே இடத்தில் ஒப்பிடலாம். ஏழாம் மெட்டில் அழுத்தினால் இளி. பத்தொன்பதாம் மெட்டில் அழுத்தினால் அதற்கு மேல் தாயி இளி. தொட்டாலோ இரண்டு இடத்திலும் அந்த மேல் தாயி இளி ஒன்றுதான் கேட்கும். தந்தியின் இந்த முனையிலிருந்து மூன்றிலொரு பங்கும், அந்த முனையிலிருந்து மூன்றிலொரு பங்கும் அந்த ஆட்டத்துக்கு ஒன்றே.

ஐந்தாம் மெட்டுத்தான் என்னைத் திகைக்கவைத்தது. அது ஏறத்தாழத் தந்தியின் கால் பங்கில் இருக்கிறது. அங்கே அழுத்தினால் எஞ்சுவது முக்கால் தந்தி. அது தரும் சுரம் உழை. அதே இடத்தில் தொட்டாலோ தந்தி நான்கு கால்களாக ஆடுகிறது. எழுவது இரண்டு தாயி மேலுள்ள குரல். அழுத்தினால் உழை, தொட்டால் குரல்! இப்போது அந்தச் சூத்திரத்தை நினைத்துப் பாருங்கள். உழையின் உள்ளே குரல் தோன்றும் என்று அது சொல்கிறது. உழையைத் தரும் முக்கால் தந்தியில் மூன்று கால்கள் இருக்கின்றன. அது தன்னை மூன்றாகப் பிரித்துக்கொண்டு ஆடும்போது ஒவ்வொரு பங்கும் முழுத் தந்தியின் கால். அந்தக் கால் பேசுவது குரல். ஆகவே உழையை அழுத்திப் பிடித்து மீட்டும் ஒவ்வொரு முறையும் அதன் உள்ளே குரல் பேசிக்கொண்டே இருக்கிறது. குரலின் உள்ளே இளி, இளியின் உள்ளே துத்தம் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இவ்வாறே. ஒவ்வொரு நரம்பும் தன்னை மூன்றாகப் பகுத்து ஆடும்போது எழும் மேற்றொனியே அடுத்த நரம்பு.

சூத்திரம் செய்தவர் கணுவையும் மேற்றொனியையும் அறிந்திருந்தார் என்று நான் வாதிடவில்லை. தமிழர் எல்லாவற்றையும் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மேடையில் முழங்குவோரோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அவர் நல்ல காது உடையவர். கேட்டதைக் கேட்டவாறே எழுதினார். அவர் ‘உள்’ என்று எழுதிய இடத்தில் நான்தான் ‘இருந்து’ என்று திருத்திப் படித்தேன். அந்தத் திருத்தத்தை என் குறிப்பேடுகளிலிருந்து அந்த வாரமே அழித்தேன்.

வடமொழி இசைநூல்களும் இந்த உண்மையை வேறொரு சொல்லால் தொடுகின்றன. விசயநகரத்து இராமாமாத்தியர் 1550 இல் இயற்றிய ஸ்வரமேளகலாநிதி, வீணையில் சில சுரங்களைச் ‘சுயம்பு’ என்று குறிப்பிடுகிறது. தானே தோன்றியது என்பது பொருள். சிவாலயங்களோடு பழகிய நமக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். உளி படாதது சுயம்பு. தம்புராவின் மந்தர சட்சத் தந்தியை அமைதியான அறையில் மீட்டிவிட்டுக் காத்திருந்தால் ஒருவரும் மீட்டாத அந்தர காந்தாரம் மெல்ல மிதந்து வருவதைச் சங்கீதம் பயின்றவர்கள் கேட்டிருப்பார்கள். தந்தி ஐந்தாகப் பிரிந்து ஆடுவதன் குரல் அது. அதையும் சுயம்பு காந்தாரம் என்பர்.

நமது வீணைக்கு 24 மெட்டுக்கள் நிலைபெற்றது தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில், 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் என்பர். பித்தளை மெட்டுக்களை மெழுகில் பதித்து, கைவினைஞர் காதால் கேட்டுக் கேட்டு இடம் பார்த்து நிறுத்துவதை மேளம் கட்டுதல் என்பது வழக்கு. ஆயினும் வீணைக் கச்சேரியில் இந்தத் தொடு நாதத்துக்குப் பெரிய இடம் கிடையாது. காரணம் எளிது. நமது இசையின் உயிர் கமகத்தில் இருக்கிறது. சுரம் அசையவேண்டும், வழுக்கவேண்டும், தந்தியை இழுத்து அடுத்த சுரத்தை எட்டிப் பார்க்கவேண்டும். தொடு நாதமோ விரலை எடுத்தபின் ஒலிப்பது. விரல் அங்கே இல்லாதபோது அதை அசைப்பது எப்படி? அது அசையாமல் நின்று மறையும் ஒலி. நிற்கும் சுரத்தைக் கொண்டாடும் இசையில்தான் அதற்கு அரியணை. பிரேசில் நாட்டு வில்லா லோபோஸ் 1940 இல் கிற்றாருக்கு இயற்றிய நான்காவது முன்னிசையில், முதலில் வந்த மெட்டுப் பின்னர் இந்தத் தொடு நாதங்களாலேயே திரும்பி வருகிறது. தூரத்து நினைவு போல அது ஒலிக்கும்.

இந்த ஒலியை உலகில் மிகவும் மதித்தவர்கள் சீனர் என்பது என் எண்ணம். குசின் என்ற ஏழு தந்திக் கருவி அவர்களுடைய கற்றோரின் கருவி. அதில் மெட்டுக்கள் இல்லை. பலகையின் ஓரமாகச் சிப்பியாலோ வேறு பொருளாலோ பதித்த 13 புள்ளிகள் உண்டு. அரை, மூன்றிலொன்று, கால், ஐந்திலொன்று, ஆறிலொன்று, எட்டிலொன்று ஆகிய கணுக்களின் இடங்களே அவை. கணுவுக்கென்றே கருவியில் அடையாளம் இட்டவர்கள் அவர்கள். அழுத்தாமல் மீட்டும் ஒலி மண்ணைச் சேர்ந்தது, அழுத்தி வாசிக்கும் ஒலி மனிதனைச் சேர்ந்தது, தொட்டு எழுப்பும் ஒலி விண்ணைச் சேர்ந்தது என்பது அவர்களுடைய மரபு. ஓடும் நீர் என்ற பொருள்படும் பெயருடைய அவர்களுடைய பழைய இசையொன்றில் இந்த விண்ணொலிகள் துளித்துளியாகச் சிந்தும். 1977 இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட வொயேஜர் கலங்களின் இசைத்தட்டில், நமது சூர்சிறி கேசர்பாயின் பாடலோடு அந்தக் குசின் இசையும் சென்றிருக்கிறது.

வீணையில் தொடு நாதம் வாசிக்கப்படாவிட்டாலும் அது ஒளிந்திருக்கும் முறை வியப்புக்குரியது. இதைக் கண்டு சொன்னவர் சேர் சி. வி. இராமன். ஒளி ஆராய்ச்சிக்கு 1930 இல் நோபல் பரிசு பெற்ற அவர், அதற்கு முன் நெடுங்காலம் இசைக்கருவிகளை ஆராய்ந்தவர். தோமஸ் யங் 1800 இல் கூறிய விதியொன்று உண்டு. ஒரு தந்தியை எந்தக் கணுவில் மீட்டுகிறோமோ அந்தக் கணுவுக்குரிய மேற்றொனி எழாது என்பது அது. ஆடாமல் நிற்கவேண்டிய இடத்தையே பிடித்து இழுத்தால் அந்த ஆட்டம் எப்படிப் பிறக்கும்? நியாயமான விதிதான். இராமன் 1921 இல் வெளியிட்ட கட்டுரையில், வீணையிலும் தம்புராவிலும் இந்த விதி பொய்த்துப் போகிறது என்று காட்டினார். சரியாகக் கணுவிலேயே மீட்டினாலும் அதற்குரிய மேற்றொனி வலுவாகப் பாடுகிறது. காரணம் குதிரை. கிற்றாரின் குதிரையில் தந்தி ஒரு கூரிய விளிம்பில் தங்குகிறது. வீணையின் குதிரை மேலே உலோகத் தகடு பொருத்தி மெல்ல வளைந்தது. தம்புராவிலோ குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஒரு நூல் உண்டு. தந்தி ஆடும்போது அந்தப் பரப்பைத் தொட்டும் விலகியும் செல்கிறது. அந்த ஓயாத உரசலில் எல்லா மேற்றொனிகளும் விழித்துக்கொள்கின்றன. அந்த நூலுக்கு நம்மவர் வைத்த பெயர் ஜீவா. எத்தனை பொருத்தமான பெயர்!

இதுவரை எல்லாம் இனிதே முடிந்தது போலத் தோன்றும். ஆனால் இதில் ஒரு பிணக்கு இருக்கிறது. நின்ற நரம்புக்கு ஐந்தாம் நரம்பு கிளை, நான்காம் நரம்பு நட்பு. மூன்றாம் நரம்பும் ஆறாம் நரம்பும் பகை என்பது உரையாசிரியர் தரும் உறவுமுறை. குரலுக்கு மூன்றாவது கைக்கிளை. அப்படியானால் கைக்கிளை குரலுக்குப் பகை. ஆனால் இப்போதுதானே தம்புராவின் சட்சத்துக்குள் காந்தாரம் தானே தோன்றுகிறது என்றோம்? தன் வயிற்றில் பிறந்தது தனக்கே பகையாகுமா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தமிழாசிரியனுக்குக் கணக்கு வராது என்ற பேச்சைச் சற்று ஒதுக்கி வையுங்கள். குரலைச் செக்கனுக்கு 110 அதிர்வு என்று கொள்வோம். குரலின் உள்ளிருந்து ஐந்தாவது பங்காக எழும் கைக்கிளை 550. சூத்திரத்தின் சங்கிலி வழியே குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை என்று நான்கு படி ஏறி, தாயிகளைக் குறைத்துக்கொண்டு வந்தால் கைக்கிளை நரம்பின் அதிர்வு ஏறத்தாழ 139.2. அந்த நரம்புக்குள் கால்கள் ஆடும் மேற்றொனி ஏறத்தாழ 557. ஒன்று 550, மற்றது 557. இரண்டு நரம்பையும் சேர்த்து மீட்டினால் இவை செக்கனுக்கு ஏழு முறை ஒன்றையொன்று மோதும். பௌதிகத்தில் அடிப்பு என்று சொல்லப்படும் அந்தத் துடிப்பு, காதில் ஒரு கரகரப்பாக விழும். கிளை நரம்பிலும் நட்பு நரம்பிலும் இந்த மோதல் இல்லை. யாழை இந்தச் சங்கிலியால் கூட்டிய காது, கைக்கிளையை அருகில் வைத்துக் கேட்டபோது பகை என்று சொன்னதில் தவறேதும் எனக்குத் தெரியவில்லை. இது என் ஊகமே. பகை என்பதற்கு வேறு விளக்கம் தருவோரும் உண்டு. ஆனால் வயிற்றில் பிறந்த கைக்கிளையும், உறவு வழி வந்த கைக்கிளையும் ஒரே பெயருடைய இருவர் என்று கண்டபோது அந்தப் பழைய சொல் எனக்கு உயிர்பெற்றது.

இதே பிணக்கை இன்றைய கிற்றாரில் கையால் தொட்டுப் பார்க்கலாம். அதன் தந்தி நீளம் பொதுவாக 65 சென்ரிமீற்றர் அளவு. காந்தாரத்துக்குரிய நான்காம் மெட்டு, மேல் முனையிலிருந்து 13.4 சென்ரிமீற்றரில் இருக்கும். ஐந்திலொரு பங்குக் கணுவோ சரியாக 13 சென்ரிமீற்றரில். மெட்டின் மேல் தொட்டால் ஒலி மங்கும். நான்கு மில்லிமீற்றர் முனைப் பக்கம் நகர்த்தித் தொட்டால் மணி போல எழும். ஏழாம் மெட்டுக்கும் அதன் கணுவுக்கும் இடைவெளி அரை மில்லிமீற்றர்தான். பன்னிரண்டாம் மெட்டில் இடைவெளியே இல்லை. ஒரு தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கி எந்தச் சுரத்தையும் ஆதாரமாகக் கொள்ள வசதி செய்தவர்கள் அதற்குக் கொடுத்த விலை இந்த நான்கு மில்லிமீற்றர். மெட்டு மனிதன் செய்த ஏற்பாடு. கணு தந்தியின் ஏற்பாடு. ஐந்தாம் ஏழாம் மெட்டுகளின் தொடு நாதத்தை மட்டும் நம்பிக் கிற்றாருக்குச் சுதி கூட்டும் இளைஞர்கள், எல்லாம் சரியாக வைத்தும் ஏதோ ஒன்று உறுத்துகிறதே என்று முறையிடுவது இதனால்தான்.

இந்தக் கணக்குகளை எல்லாம் யாழுக்குப் போட்டுப் பார்த்த முன்னோடி நம் நாட்டவர். காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலானந்த அடிகள், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகவும் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் ஒருங்கே விளங்கியவர். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர். இலக்கணச் சூத்திரத்தையும் அதிர்வுக் கணக்கையும் ஒரே மேசையில் வைத்து அவர் எழுதிய யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1947 இல் வெளியிட்டது. அந்நூல் அரங்கேறிய சில வாரங்களிலேயே அடிகள் மறைந்தார். நமது பாடத்திட்டத்தில் அவருடைய கவிதைகளும் கட்டுரைகளும் இடம்பெற்றிருக்கின்றன. யாழ்நூல் நூலகத்து அலுமாரியில் இருக்கிறது. அதைத் தமிழாசிரியர்கள் கணிதம் என்று ஒதுக்கினர், கணித ஆசிரியர்கள் தமிழ் என்று ஒதுக்கினர். ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன். மாணவன் கிற்றார் கொண்டுவந்த பிறகுதான் அதன் இசைநரம்பியலைத் திறந்தேன்.

இப்போதெல்லாம் அந்தச் சூத்திரத்தை நடத்தும் நாளில், வகுப்பில் கிற்றார் வைத்திருப்பவர் யாரென்று முதலில் கேட்டுவிடுகிறேன். சென்ற தவணையில் ஒரு மாணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சேர், தாரத்துக்குள்ள உழை எண்டு தொடங்குது. தாரம் எதுக்குள்ள இருந்தது?” என்றான். கடைசியில் நின்ற கைக்கிளைக்குள் தாரம் தோன்றவேண்டும். அப்போது வட்டம் மூடிக்கொள்ளும் என்று நாம் எதிர்பார்ப்போம். தொட்டுப் பார்த்தோம். கைக்கிளைக்குள்ளும் ஒரு தாரம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அது நாம் தொடங்கிய தாரமன்று; அதைவிட ஏறத்தாழ ஒரு மெட்டு உயர்ந்த வேறொரு தாரம். அந்த ஒரு மெட்டு வேறுபாட்டிலிருந்துதான் பாலைகள் ஒன்றிலிருந்து ஒன்றாகத் திரிகின்றன. அந்தத் திரிபை அடுத்த உரையில் பார்ப்போம்.